பர்மாக்காரர் பதில்கள்: தட்டு முட்டுச் சாமானில் தொடங்கிய 2021

போன இதழில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதிவிட்டு, கடைசியில் 'அந்த ஊரில் இப்போது நிம்மதியாக உட்கார்ந்து அத்தோ சாப்பிடுகிறவர் யாரும் இல்லை' என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சரி, 2022 பொங்கலுக்கு முன் வரும் இந்த இதழ் முழுக்க அந்த நாட்டின் 2021-தான். நீங்கள் மியான்மர் என்று சொல்லிக்கொள்ளுங்கள். 1964-ல் எட்டு வயதில் ரங்கூனில் கப்பல் ஏறியவன் நான்; என் வாயில் பர்மாதான் வரும். வழக்கம்போல் கேட்டவர்களின் ஊர் மட்டும், பெயர் போடுவதில்லை.

ஊத்தங்கரை: 'ராணுவம் ஆட்சியைப் பிடித்தது' என்று பேப்பரில் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். பிப்ரவரி 1 அன்று உண்மையில் என்ன நடந்தது?

அன்று திங்கட்கிழமை. புது நாடாளுமன்றம் கூட வேண்டிய நாள். 2020 நவம்பர் 8-ல் நடந்த தேர்தலில் ஆங் சான் சூகியின் தேசிய ஜனநாயக லீக், நாடாளுமன்றத்தில் தேர்தல் நடந்த 476 இடங்களில் 396-ஐ வாரிக்கொண்டு போயிருந்தது. ராணுவத்தின் ஆதரவுக் கட்சிக்கு 33. பதவியேற்க வந்த எம்.பி.க்கள் தலைநகர் நேபிடோவில் அரசு விடுதிகளில் பெட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். விடிவதற்குள் சூகியும் ஜனாதிபதி வின் மின்ட்டும் கைதானார்கள். எம்.பி.க்கள் அந்த விடுதிகளிலேயே முடங்கினார்கள், வாசலில் சிப்பாய்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லாம் அரசியல் சட்டப்படி நடந்ததாகக் கணக்குக் காட்டினார்கள். நெருக்கடி நிலையை அறிவிக்க ஜனாதிபதி வேண்டும். ஜனாதிபதியைத்தான் பிடித்தாயிற்றே? ராணுவம் நியமித்த துணை ஜனாதிபதி மின்ட் ஸ்வே தற்காலிக ஜனாதிபதி ஆனார். அவர் 417-ம் பிரிவில் நெருக்கடி நிலையை அறிவித்தார், 418-ம் பிரிவில் அதிகாரத்தைத் தளபதி மின் ஆங் லைங் கையில் கொடுத்தார். வீட்டுக்காரனைக் கட்டிப்போட்டுவிட்டு, மச்சானிடம் கையெழுத்து வாங்கி வீட்டை எழுதிக்கொண்ட கதை.

நேபிடோவில் அகலமான சாலை ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருக்க, முதுகுக்குப் பின்னால் கறுப்பு வண்டிகள் நாடாளுமன்றம் நோக்கிப் போகும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1964-ல் ரங்கூனில் எங்கள் ஃபிரேசர் தெருவிலும் அப்படித்தான், கடையை அரசு எடுத்துக்கொண்ட அன்று பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

சிவகாசி: ராணுவத்துக்குத்தான் ஏற்கெனவே கால்வாசி நாடாளுமன்றம் கையில் இருந்ததாமே. பிறகு என்ன பேராசை?

நல்ல கேள்வி. 2008-ல் அவர்களே எழுதிய சட்டம், 25 சதவீத இடம் தேர்தல் இல்லாமலேயே சீருடைக்காரர்களுக்கு. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றுக்கும் அமைச்சர்களைத் தளபதிதான் தருவார். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஜனாதிபதி ஆக முடியாது என்று ஒரு பிரிவு. சூகியின் மகன்கள் பிரிட்டிஷ்காரர்கள் என்பது தெரிந்தே எழுதியது. அவரும் 'அரசு ஆலோசகர்' என்று புதுப் பதவி ஒன்றை உண்டாக்கிக்கொண்டு அதன் வழியாக நாட்டை நடத்தினார்.

காரணமாகச் சொன்னது வாக்காளர் பட்டியலில் ஒரு கோடிக்கு மேல் குளறுபடி என்பது. தேர்தல் கமிஷன் ஜனவரி 28-ல் அதைத் தள்ளிவிட்டது. என் கணக்கில் வேறொரு காரணமும் உண்டு. மின் ஆங் லைங்குக்கு ஜூலையில் 65 வயது. ஓய்வு பெறும் வயது. நானும் ஓய்வு பெற்றவன்தான். மறுநாள் காலை எங்கே போவது என்று தெரியாமல் பெரம்பூர் ரயில்வே பணிமனை வாசல் வரை நடந்துபோய்த் திரும்பியிருக்கிறேன். அவர் வேறு மாதிரி போனார்.

திருநெல்வேலி (கல்லூரி மாணவி): அந்த நாட்டு மக்கள் பாத்திரத்தைத் தட்டிப் போராடியதாகப் படித்தேன். அதனால் என்ன ஆகிவிடும் ஐயா?

ஒன்றும் ஆகாதுதான், அம்மா. ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது தெரியுமா? வீட்டில் பேயோ பீடையோ இருந்தால் பாத்திரத்தைத் தட்டி விரட்டுவது அவர்கள் வழக்கம். நமக்குப் போகி மேளம் மாதிரி. பிப்ரவரி 2 ராத்திரி எட்டு மணிக்கு ரங்கூனில் ஆரம்பித்தது. என் சித்தப்பா பிள்ளை அங்கேதான் கண்டோகலேயில் எண்ணெய்க் கடை வைத்திருக்கிறான். முதல் ராத்திரி போனில் எனக்குக் கேட்க வைத்தான். தெரு முழுக்கத் தகரக் கொட்டகை மேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருந்தது. அவன் மனைவி பால் குக்கரைத் தட்டித் தட்டி நசுக்கிவிட்டாள். நாலாம் நாள் பேஸ்புக்கை மூடினார்கள். அப்புறம்தான், மூடிய தளத்தைச் சுற்றுவழியில் திறக்கும் வி.பி.என். என்ற சொல்லை அறுபது வயதுக்காரன் அவன் எனக்குக் கற்றுக்கொடுத்தான்.

பாத்திரத்தோடு நிற்கவில்லை. பிப்ரவரி 3 முதல் டாக்டர்கள் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தார்கள். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் என்று வரிசையாக. எனக்கு நெஞ்சில் தைத்தது ரயில்வேக்காரர்கள். வண்டி ஓட்ட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மார்ச் 10 அன்று ரங்கூன் மாலகோன் ரயில்வே குவார்ட்டர்ஸை சிப்பாய்கள் சுற்றி வளைத்தார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியேறின. நம் நாட்டில் 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்திலும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வைத்தது நடந்தது. எங்கள் திண்ணையில் ஒரு ஃபிட்டர் குடும்பம் இரண்டு வாரம் தங்கியிருந்தது. எனக்குப் பதினெட்டு வயது. அந்த வீட்டு அம்மாள் தினமும் சாயங்காலம் காலிப் பெட்டிகளைத் துடைத்து அடுக்குவார். மாலகோன் படத்தில் ஒரு பெண் பிரஷர் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது அந்த அம்மாள் ஞாபகம்தான்.

இன்னொன்று. பெண்கள் கட்டும் லுங்கிக்கு அங்கே தமெய்ன் என்று பெயர். காயப்போட்ட தமெய்னுக்குக் கீழே நடந்தால் ஆம்பிளைக்கு 'போன்' போய்விடும் என்பது நம்பிக்கை. போன் என்றால் ஆண்மையின் மகிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் தெருக்களின் குறுக்கே கொடி கட்டித் தமெய்ன்களைத் தொங்கவிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்த சிப்பாய்கள் லாரியை நிறுத்தி, மேலே ஏறி ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அந்த நேரத்தில் பிள்ளைகள் தப்பித்து ஓடிவிடுவார்கள். ஒன்றும் ஆகாது என்றேனே, இது ஆயிற்று.

கோவில்பட்டி: அங்கே நடப்பதை உள்நாட்டுப் போர் என்கிறார்களே, எந்தத் தேதியிலிருந்து?

இதற்குத்தான் நான் காத்திருந்தேன்.

நகரத்துப் பிள்ளைகளைக் கேட்டால் மார்ச் என்பார்கள். பிப்ரவரி முழுக்க ஊர்வலம் கிட்டத்தட்டத் திருவிழா மாதிரி இருந்தது. 22-ம் தேதி பொது வேலைநிறுத்தம், 22.2.2021, ஐந்து இரண்டு வருவதால் 'ஐந்து இரண்டு' என்றே அதற்குப் பெயர். 8.8.88-ல் ராணுவ ஆட்சியை எதிர்த்து நடந்த கிளர்ச்சியின் நினைவு. அங்கே எண்களில் நம்பிக்கை அதிகம். மார்ச் 3-ல் மாண்டலேயில் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று ஆங்கிலத்தில் எழுதிய சட்டை போட்ட 19 வயதுப் பெண் தலையில் குண்டு பாய்ந்து செத்தாள். 14-ம் தேதி ரங்கூனின் லைங் தாயா தொழிற்பேட்டையில் பல பத்துப் பேர். 27-ம் தேதி ராணுவ தினம். நேபிடோவில் அணிவகுப்பு, நாடெங்கும் ஒரே நாளில் நூற்றுக்கு மேல் சாவு. ஏப்ரல் 9-ல் பெகுவில் 80-க்கு மேல். மணல் மூட்டையும் கவண்வில்லும் வைத்திருந்தவர்கள் மேல் சுட்டார்கள். அந்த வருஷம் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் தண்ணீர்த் திருவிழாவை யாரும் கொண்டாடவில்லை. முதல் மழைக்குப் பூக்கிற படவுக் பூ மட்டும் மஞ்சளாகப் பூத்து உதிர்ந்தது என்றான் தம்பி.

மலைக்காரர்களில் சின் இனத்தவரைக் கேட்டால் ஏப்ரல் 24 என்பார்கள். மின்டாட் என்ற மலை ஊரில், பிடித்துப் போன இளைஞர்களை விடுங்கள் என்று கேட்கப் போன கூட்டம் கடைசியில் துமீ என்ற வேட்டைத் துப்பாக்கியை எடுத்தது. வெடிமருந்தைக் குழல் வாய் வழியாகக் கெட்டித்து ஒரு தடவைக்கு ஒரு குண்டு சுடுகிற சமாசாரம். அதை வைத்து ராணுவத்தை நிறுத்தினார்கள். மே 13-ல் அங்கே ராணுவச் சட்டம் வந்தது. அதற்குள் தப்பிப் பிழைத்த எம்.பி.க்கள் ஏப்ரல் 16-ல் தேசிய ஒற்றுமை அரசு என்று ஒன்றை அறிவித்திருந்தார்கள். மே 5-ல் அதற்கு மக்கள் பாதுகாப்புப் படை. செப்டம்பர் 7-ல் அதன் செயல் தலைவர் டுவா லாஷி லா, கச்சின் என்ற இன்னொரு மலை இனத்தவர், நாடு முழுக்கத் தற்காப்புப் போர் என்று முறையாக அறிவித்தார். பேப்பர்க்காரர்களுக்குப் பிடித்த தேதி அதுதான்.

கரேன் இனத்தவரைக் கேட்டுப் பாருங்கள். 1949 ஜனவரி என்பார்கள். சுதந்திரம் வந்தது 1948 ஜனவரி 4. மார்ச்சில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குப் போய்விட்டார்கள், அடுத்த ஜனவரியில் கரேன்கள். ரங்கூனுக்கு வெளியே இன்செயினில் மாதக்கணக்கில் சண்டை. பீரங்கிச் சத்தத்தை எண்ணிக்கொண்டே அப்பா கடையில் பருப்பு எடை போட்டாராம். இன்றைக்கு இன்செயின் என்றால் சிறைச்சாலை, அவ்வளவுதான் தெரியும். அப்புறம் கச்சின், ஷான் என்று எழுபது வருஷமாக அந்த மலைகளில் ஊர் எரியாத வருஷம் கிடையாது.

சமவெளியில் இருந்த பர்மியர்களுக்கு அது தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள். 'எல்லைப் பக்கம் ஏதோ கலாட்டா.' 2021-ல் அந்த எல்லை அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. மாண்டலே என்ஜினியரிங் மாணவனும் ரங்கூன் ஐ.டி. பையனும் கரேன் காட்டுக்குப் போய், யாரைத் துரோகி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தார்களோ அவர்களிடமே துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். மார்ச் 27 முதல் கரேன் கிராமங்களில் விமானம் குண்டு போட்டது. இருபது வருஷத்துக்கு மேலாக அங்கே நடக்காதது. ஆக, தேதி கேட்டால் நான் தேதி சொல்ல மாட்டேன். எந்த ஊர்க்காரர் என்று முதலில் கேட்பேன்.

மயிலாடுதுறை: சூகிக்கு இது தேவைதான் என்கிறான் என் நண்பன். ரோஹிங்கியா விஷயத்தில் அவர் வாய் திறக்கவில்லையே?

வாய் திறக்கவில்லை என்றால்கூட மன்னிக்கலாம். திறந்தார். 2017-ல் ராணுவத்தின் தாக்குதலுக்குத் தப்பி ரோஹிங்கியா முஸ்லிம்கள் ஏழு லட்சம் பேர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். 2019 டிசம்பரில் சூகி ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்துக்கு நேரில் போய், இனப்படுகொலை நோக்கம் இல்லை என்று தன் நாட்டுக்காக வாதாடினார். எந்த ராணுவத்தைக் காத்தாரோ அதே ராணுவம் பதினான்கு மாதத்தில் அவரைப் பிடித்தது. பிடித்தபின் போட்ட முதல் வழக்கு என்ன தெரியுமா? வீட்டில் வாக்கி டாக்கி வைத்திருந்தார் என்று. டிசம்பர் 6-ல் வேறு வழக்கில் நாலு வருஷம் தீர்ப்பு. அன்றே தளபதி பெரிய மனது பண்ணி இரண்டாகக் குறைத்தார்.

உங்கள் நண்பருக்கு இதையும் சொல்லுங்கள். ராணுவம் வந்தபின் பர்மிய இளைஞர்கள் பலர் ரோஹிங்கியாக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். ஜூன் 3-ல் ஒற்றுமை அரசு அவர்களுக்குக் குடியுரிமை உண்டு என்று அறிக்கை விட்டது. ரோஹிங்கியா என்ற பெயரையே சூகி உச்சரிக்க மறுத்தார். தேவை, தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 76 வயதில் ஒரு கிழவியைச் சிறையில் வைத்ததில் நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

காரைக்குடி: அங்கே இருக்கும் தமிழர்கள் எப்படி இருக்கிறார்கள்?

எல்லாரையும் போல. அதுதான் புதுசு. 1930 கலவரம், ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடிவந்த 1942 நடைபயணம், கடைகள் போனபின் ஏறிய 1964 கப்பல் எல்லாவற்றிலும் 'காலா' என்று, இந்தியரை இழிவாகச் சொல்லும் பெயரில், நம்மைத் தனியாகப் பிரித்தார்கள். காரைக்குடிக்காரருக்கு நான் பர்மாவில் பறிபோன செட்டியார் நிலங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இந்தத் தடவை யாரும் யாரையும் பிரிக்கவில்லை.

தம்பி வீட்டில் மோசமான மாதம் ஜூலை. டெல்டா கொரோனா அங்கே அப்போதுதான் உச்சம். டாக்டர்கள் பாதிப் பேர் தலைமறைவு, மீதிப் பேர் ஜெயிலுக்குப் பயந்து வீட்டில் ஒளிந்து வைத்தியம். ஆக்சிஜன் நிரப்பும் இடத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு வரிசையில் நின்றான். காலி சிலிண்டருக்குச் சங்கிலி போட்டுத் தன் காலோடு கட்டிக்கொண்டு தூங்கினானாம். மாமியார் பிழைக்கவில்லை. ஏ.டி.எம்.மில் பணம் இல்லை. இருப்பவனிடம் கமிஷன் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. வருஷ ஆரம்பத்தில் டாலருக்கு 1,300 சொச்சம் இருந்த சாட், அதாவது அந்த ஊர்ப் பணம், செப்டம்பர் கடைசியில் பாதி மதிப்புக்கு விழுந்துவிட்டது. பாமாயில் விற்கிறவன் அவன், தினம் இரண்டு தடவை விலைப் பலகையை அழித்து எழுதுகிறான்.

கிளம்பி வந்துவிடேன் என்றேன். 'எங்கே வர? அங்கே போனால் நான் பர்மாக்காரன்' என்றான். ஐம்பத்தெட்டு வருஷமாக இங்கே இருக்கும் எனக்கு இந்தப் பத்தியின் தலைப்பு என்ன? சரி விடுங்கள்.

சேலம்: இந்தியா என்ன செய்தது?

டெல்லி ஒன்று செய்தது, மிசோரம் தலைநகர் ஐஸால் வேறொன்று செய்தது. மார்ச் 27 அணிவகுப்புக்குப் பிரதிநிதி அனுப்பிய எட்டு நாடுகளில் நாமும் ஒன்று. ஜூன் 18-ல் ராணுவத்தைக் கண்டித்த ஐ.நா. பொதுச் சபை தீர்மானத்துக்கு 119 நாடுகள் ஆதரவு. நாம் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கிய 36-ல். எல்லையை மூடு என்று உள்துறை மார்ச் 10-ல் மாநிலங்களுக்கு எழுதியது. மிசோரத்தின் அப்போதைய முதல்வர் சோரம்தங்கா, வருகிறவர்கள் எங்கள் இரத்தம், திருப்பி அனுப்ப மாட்டோம் என்று பிரதமருக்கே எழுதினார். அவர் ஒரு காலத்தில் மிசோ கலகக்காரர். 1966-ல் இந்திய விமானப்படை ஐஸால் மேல் குண்டு போட்டபோது அவருடைய ஆட்கள் அந்தப் பக்கம் ஓடியவர்கள். திரும்பி ஓடி வருகிறவர்களை எப்படி விரட்டுவார்? தியாவ் ஆற்றைத் தாண்டி ஆயிரக்கணக்கில் வந்தவர்களுக்கு மிசோ கிராமங்கள்தான் சோறு போட்டன. அக்டோபரில் தன்ட்லாங் என்ற சின் ஊரில் ஒரே நாளில் 160-க்கு மேல் வீடு எரிந்தபின் இன்னும் வந்தார்கள்.

மணிப்பூரின் மோரேயில் நம் தமிழர்கள் இருக்கிறார்கள். 1960-களில் இங்கே பிழைக்க முடியாமல் நடந்தே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்து, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கியவர்கள். அங்காளபரமேஸ்வரிக்குக் கோயில் கட்டி, இட்லிக் கடை போட்டு வாழ்கிறார்கள். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய எல்லைக் கதவு 2021 முழுக்கத் திறக்கவில்லை. எதிரே பர்மாவின் தமு ஊரில் சுட்ட சத்தம் கடைக்குள் கேட்டதாம்.

நாகர்கோவில்: 2023 ஆகஸ்டில் தேர்தல் என்றாரே தளபதி?

பிப்ரவரியில் ஒரு வருஷம் என்றார். 2021 ஆகஸ்ட் 1-ல் தன்னையே பிரதமர் ஆக்கிக்கொண்டு இரண்டரை வருஷம் என்றார். 1958-ல் அன்றைய தளபதி நே வின் வந்து, 1960-ல் தேர்தல் நடத்தித் திருப்பிக் கொடுத்தார். 1962-ல் வந்தபோது திருப்பவில்லை. 1990-ல் தேர்தல் வைத்தார்கள், சூகி கட்சி ஜெயித்தது, முடிவைக் கிடப்பில் போட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காயா மாநிலத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்று வண்டிகளோடு எரித்திருக்கிறார்கள்; குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர் இரண்டு பேர் அதில் அடக்கம். அந்தச் சாலையில் வாக்குப்பெட்டி எப்படிப் போகும் என்று நாகர்கோவில்காரரே யோசியுங்கள்.

அம்பத்தூர்: போன இதழ்க் கேள்வியைக் கேட்டவன் நான்தான். சைவத்துக்கு மீன் சாஸுக்குப் பதில் என்ன போடலாம் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

உங்களால் வந்த வினை இது அத்தனையும். புளித்தண்ணீரைக் கெட்டியாக வைத்து உப்பை ஒரு சிட்டிகை கூட்டுங்கள். வறுத்த கடலை மாவைத் தாராளமாகத் தூவுங்கள். பூண்டைச் சின்னத் தீயில் வதக்குங்கள், கருகினால் கசக்கும். பீச் ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் முட்டைக்கோஸை அள்ளிப் போடுவார்கள். அது மெட்ராஸ் பழக்கம், என் அம்மா இருந்தால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.